பன்னிரண்டில் பதினொன்று

மார்ச் 4

பொற்காது அம்மையார் அவர்களுக்கு,

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்க்காரன் எழுதிக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்தியது தப்புத்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே நீ வைத்ததும் தப்புத்தான். "இனிமே போன் வேணாங்க. காதுல போன் வைக்கக் கூடாதுன்னு இங்க விதி இருக்கு. சொல்ல வேண்டியதை எழுதுங்க" என்றாய். அது விதியோ சாக்கோ, எனக்குத் தெரியாது. எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

நான் ஏன் கத்தினேன் என்று நீ யோசித்திருக்கமாட்டாய். நானே சொல்கிறேன். இணையத்தில் பாட்டு வழங்கும் நிறுவனம் ஒன்று, எந்த வகை ஒலிக்கோப்பைக் கொடுப்பது என்று முடிவுசெய்ய, நுட்பமாகக் கேட்கத் தெரிந்தவர்களைத் தேடுகிறது என்ற விளம்பரத்தை முதலில் பார்த்தவன் நான். விண்ணப்பம் போட்டவனும் நான். தனியாகப் போக அலுப்பாக இருக்கிறது, துணைக்கு வா என்று உன்னைக் கூட்டிப்போனவனும் நான்தான். அங்கே ஒருத்தன், "நீங்களும் சும்மா உக்காந்து பாருங்களேன் மேடம்" என்றதும், கைப்பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தாய்.

பதினாறு ஜோடி ஒலிக்கோப்புகள், ஒவ்வொன்றிலும் எது உயர்ந்த வகை என்று சொல்ல வேண்டும். உனக்குப் பதினைந்து சரி. எனக்கு எட்டு.

"காசைச் சுண்டிப் போட்டாலே எட்டு வரும் சார்" என்று அவன் சிரித்தான். நீயும் சிரித்தாய். சிரிக்கவில்லை என்று போனில் சாதித்தாய். நான் பார்த்தேன்.

இருபத்தொரு வருடமாக இந்த வீட்டில் எம்பி3 என்றால் என்ன, சிடி என்றால் என்ன, ஹை-ரெஸ் என்றால் என்ன என்று யார் சொல்லிக்கொண்டிருந்தது? நான் சொல்லும்போதெல்லாம் நீ அடுத்த அறையில் கோர்ட்டு ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாய். "ம்" என்பாய். அந்த 'ம்' எல்லாம் சேர்ந்து இன்று உனக்கு வெளியூரில் மூன்று மாத வேலையாகிவிட்டது. சமைக்கத் தெரிந்தவன் பட்டினி, வேடிக்கை பார்த்தவளுக்குப் பந்தி.

கடையில் எல்லோரும் விசாரிக்கிறார்கள். "வீட்டுக்காரம்மாவுக்கு அவ்ளோ நல்ல காதா?" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். வேறென்ன சொல்வது?

அங்கே உனக்கு என்ன போட்டுக் காட்டுகிறார்கள், எந்த ஸ்பீக்கர், எந்த ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்றெல்லாம் எழுது.

இப்படிக்கு,
எட்டு மார்க்


மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

நான் சிரித்தது உண்மை. நீங்கள் பார்த்ததும் சரி. ஆனால் அவர் சொன்னதற்காகச் சிரிக்கவில்லை. பதினைந்து என்று கேட்டதும் எனக்கே நம்ப முடியாமல் வந்த சிரிப்பு அது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு யாரும் மார்க் போட்டதில்லை. அந்தச் சிரிப்பை ஒளித்து வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. போனில் இல்லையென்று சொன்னது உங்களுக்குப் பயந்து.

கேட்டதற்குப் பதில். அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக. கதவைச் சாத்தினால் நான் எச்சில் விழுங்குவது எனக்கே கேட்கிறது. நாற்காலியைத் தரையோடு முடுக்கியிருக்கிறார்கள், யாரும் அரை அடிகூட நகரக் கூடாதாம். ஸ்பீக்கரின் பெயரைத் துணி போட்டு மறைத்திருக்கிறார்கள். அது தெரிந்தால் நீங்கள் தூங்கமாட்டீர்கள் என்று அவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது.

முன்னால் மூன்று பொத்தான்கள். முதல் பொத்தானில் ஒரு வகை, இரண்டாவதில் வேறு வகை, பாட்டு ஒன்றேதான். மூன்றாவதை அழுத்தினால் அந்த இரண்டில் ஏதோ ஒன்று வரும். எது என்று நாங்கள் சொல்ல வேண்டும். பாட்டை ரசிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ரசித்தால் தப்பு விடுவோமாம்.

நீங்கள் வருடக்கணக்காகச் சொன்னதெல்லாம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. எம்பி3 என்றால், காது கவனிக்காது என்று நினைக்கிற சத்தங்களை எடுத்துப் போட்டுவிட்டுக் கோப்பைச் சின்னதாக்குவது. சிடி என்றால் எடுத்துப் போடாமல் வைப்பது. ஹை-ரெஸ் என்றால் அதைவிடவும் பொடிப்பொடியாக அளந்து வைப்பது. ரொம்பச் சின்ன எம்பி3யை நான் நொடியில் கண்டுபிடிக்கிறேன். டிரம்ஸில் இருக்கும் பித்தளைத் தட்டின் ஓசை தேய்ந்து முடிகிற இடத்தில், யாரோ ஈரத்துணியைப் போட்ட மாதிரி அமுங்கிப்போகும். பெரிய எம்பி3 கஷ்டம். சிடிக்கும் ஹை-ரெஸ்ஸுக்கும் வித்தியாசம் இதுவரை இங்கே இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

எனக்கு எப்படி வருகிறது என்று கேட்டீர்கள் என்றால், இல்லை, நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். சாட்சி "இல்லை" என்றாரா "இல்லையே" என்றாரா என்று மின்விசிறிச் சத்தத்துக்கு அடியிலிருந்து பொறுக்கி எடுத்தே பதினெட்டு வருடம் போயிருக்கிறது.

பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் இருப்பார். அன்று நம் ஊரில் சோதனை நடத்தினாரே, அவர்தான். யாருக்கும் கேட்காத கீச்சுச் சத்தம்கூட அவருக்குக் கேட்கிறது. அதனால் வௌவால் என்று பெயர் வைத்தேன். இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கடை மேஜையில் உங்கள் கண்ணாடியை மறந்து வைக்காதீர்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 20

என் மனைவிக்கு,

பெயர் வைத்தாயிற்றா?

இருபத்தொரு வருடத்தில் எனக்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறாயா? "என்னங்க." அவ்வளவுதான். ஊரில் இருக்கிற எல்லாப் புருஷனுக்கும் அதே பெயர்தான். அவனுக்குப் பத்தே நாளில் வௌவால்.

உன் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் அல்ல. மாடியிலிருந்து இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டவள், "ஏன்டா, அவ காது நல்ல காதுதான். நீ சொல்றதுதான் அதுல ஏறல" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். கூடப் பிறந்ததே இப்படி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு அவன் என்ன செய்கிறான்? பொத்தானை அழுத்துவதற்கு நீ இருக்கிறாய், எழுதுவதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அவனுக்கு என்ன வேலை? நீ கேட்பதை அவன் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலையா? நல்ல வேலை.

இன்னொன்று. சிடிக்கும் ஹை-ரெஸ்ஸுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது. என் செட்டில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஹை-ரெஸ்ஸில் வாத்தியத்துக்கும் வாத்தியத்துக்கும் நடுவில் காற்று ஓடும். சிடியில் ஓடாது. அன்று அந்த ஓட்டல் அறையில், ஏசி சத்தத்தில், எவனோ கொடுத்த ஹெட்போனில், கடவுளே வந்து உட்கார்ந்திருந்தாலும் எட்டுத்தான் வாங்கியிருப்பார்.

அதே பாட்டுகளை எனக்கு அனுப்பச் சொல் உன் வௌவாலிடம். எந்த வகை என்று எழுதாமல், வெறும் நம்பர் மட்டும் போட்டு. நான் இங்கே கேட்டு எழுதி அனுப்புகிறேன். அப்புறம் தெரியும் யாருடைய காது பொற்காது என்று.

நான்


ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

இத்துடன் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. பன்னிரண்டு கோப்புகள், ஒன்று முதல் பன்னிரண்டு வரை. நான்கு வகை: சின்ன எம்பி3, பெரிய எம்பி3, சிடி, ஹை-ரெஸ். எது எத்தனை என்று சொல்லமாட்டேன். அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாவற்றையும் ஒரே அளவுக் கோப்பாக மாற்றித்தான் கொடுத்திருக்கிறார்.

வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். "என் வீட்டுக்காரருக்குத்தான். தொழில்ல இருக்கிறவர். காதால மட்டும்தான் கேப்பார், வேற எதையும் தொடமாட்டார்" என்று நான் சொன்ன பிறகுதான் கொடுத்தார். என் வார்த்தையை நம்பிக் கொடுத்திருக்கிறார். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அவருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் உள்ளே வந்து, "என்ன கேட்டுச்சு? சொல்லுங்க" என்பார். நான் சொல்வதை எழுதிக்கொள்வார். ஈரத்துணி என்று சொன்னால் ஈரத்துணி என்றே எழுதுவார். திருத்தமாட்டார். அதுதான் அவர் வேலை.

செல்லப் பெயர் விஷயம்: சாட்சி வாயைத் திறக்காதபோது நான் தட்டச்சு செய்கிற மாதிரி, (பதில் இல்லை).

உங்கள் மனைவி


ஏப்ரல் 15

அன்பு மனைவிக்கு,

விடைத்தாள் இதோ. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையில், தெருவில் சத்தம் அடங்கியிருக்கும் நேரத்தில் கேட்டேன். கடையைப் பூட்டி, ஃபேனை நிறுத்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

ஒன்று, சிடி. சுத்தம், ஆனால் சுவரில் ஆணியடித்து மாட்டிய படம் மாதிரி அசையாது. இரண்டு, சின்ன எம்பி3. இதைக் கண்டுபிடிக்கக் காதே தேவையில்லை. மூன்று, ஹை-ரெஸ். நான் சொன்ன காற்று இதில் ஓடுகிறது. நான்கு, பெரிய எம்பி3. ஐந்து, ஹை-ரெஸ். சிடியில் பாடகி கண்ணாடிக்குப் பின்னால் நிற்பாள், இதில் கண்ணாடியைத் திறந்துவிட்டார்கள். ஆறு, சிடி. ஏழு, சின்ன எம்பி3, படுகுப்பை, வயலினைக் கழுத்தை நெரித்து வைத்திருக்கிறார்கள். எட்டு, பெரிய எம்பி3. ஒன்பது, சிடி. பத்து, ஹை-ரெஸ். பதினொன்று, சின்ன எம்பி3. பன்னிரண்டு, பெரிய எம்பி3.

உன் வௌவாலிடம் காட்டு. காசைச் சுண்டிப் போட்டால் இப்படி வருமா என்று நான் கேட்டதாகக் கேள்.

அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். "எல்லாம் ஒரே பாட்டு மாதிரிதான்டா இருக்கு" என்றாள். எல்லோருக்கும் கிடைத்துவிடுமா?

உன் கணவன்


ஏப்ரல் 20

உங்களுக்கு,

பன்னிரண்டில் பதினொன்று சரி. ஏழாவது மட்டும் தப்பு.

உங்கள் கடிதம் வந்ததும் நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். விடைகளைச் சரிபார்த்தேன். படிக்கட்டில் ஓடினேன், இந்த வயதில். சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருந்தார்கள். "என் வீட்டுக்காரர் பதினொன்னு வாங்கியிருக்கார்! சிடின்னும் ஹை-ரெஸ்ஸுன்னும் அவர் சொன்னது ஒண்ணுகூடத் தப்பில்ல!" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். வௌவால் எழுந்து நின்றுவிட்டார். "இவர் காதை நாம விடக் கூடாதுங்க. உடனே வரச் சொல்லுங்க" என்றார். நான் எவ்வளவு பெருமையாக நின்றேன் தெரியுமா? எனக்குப் பதினைந்து வந்தபோதுகூட அப்படி நிற்கவில்லை.

பிறகு தாளை வாங்கிப் பார்த்தார். ஏழாவதில் கண் நின்றது. சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

ஏழாவது, ஹை-ரெஸ். இருக்கிறதிலேயே உயர்ந்த வகை. ஆனால் ஒரு பழைய டேப்பிலிருந்து எடுத்தது. உச்சத்து ஓசைகள் அந்த டேப்பிலேயே கிடையாது. காதால் கேட்டால் வயலின் சுத்தமாக, முழுசாக இருக்கும். ஆனால் ஒலியைப் படமாக வரைந்து காட்டுகிற மென்பொருளில் போட்டுப் பார்த்தால், உச்சி வெட்டிப்போய், அச்சு அசல் சின்ன எம்பி3 மாதிரி தெரியும். மற்ற பதினொன்றும் படத்தில் பார்த்தவுடனே பிடிபடுமாம்.

"இது காதால கேட்டதில்லைங்க. கண்ணால பாத்தது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

உங்கள் கடையில் அந்த மென்பொருள் இருக்கிறது. நானே அதைத் தூசு தட்டியிருக்கிறேன்.

காதில் பூ சுற்றுவது என்பார்கள். வேலையே காதாக இருப்பவள் காதில், அதுவும் ஊரே பார்க்க, என் கையாலேயே சுற்றவைத்தீர்கள். அன்று பிற்பகல் சுற்றில் உட்கார்ந்தபோது தலைகுனிந்திருக்கக்கூட முடியவில்லை. அந்த நாற்காலியில் தலை அசையக் கூடாது.

மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். அதை இன்னும் கொடுக்கவில்லை.


மே 9

உனக்கு,

பத்தொன்பது நாளாக நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

படத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காதால்தான் கேட்டேன், சத்தியமாக. பன்னிரண்டும் எனக்கு ஒன்றுபோல இருந்தன. அக்கா சொன்னாளே, "எல்லாம் ஒரே பாட்டு மாதிரி" என்று, அதேதான் எனக்கும். ஈரத்துணி எங்கே விழுகிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். தட்டுச் சத்தமே எனக்குச் சரியாக வரவில்லை. அடுத்த வாரம் மென்பொருளைத் திறந்தேன். காற்று, கண்ணாடி, ஆணி என்று எழுதியதெல்லாம் படத்தைப் பார்த்த பிறகு யோசித்துச் சேர்த்தது. அந்த வகையில் நான் கெட்டிக்காரன்தான்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு வந்தது வெட்கமில்லை. அவன் உன்னைத் தனியாகக் கூப்பிட்டான், மெதுவாகப் பேசினான் என்ற இடத்தில்தான் மனசு போய் நின்றது. அவ்வளவு மட்டமானவன் நான். வெட்கம் மறுநாள்தான் வந்தது.

இப்போது நீ அறியாததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், நான் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ சமையலறையிலிருந்து, "என்னங்க, இடது பக்கம் ட்வீட்டர் பாடலையே" என்றாய். சின்ன ஸ்பீக்கர், கீச்சுச் சத்தத்துக்கென்று இருப்பது. காதை அதில் ஒட்டினேன். செத்துத்தான் கிடந்தது. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாமல், இரண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற உனக்குத் தெரிந்தது. உன்மேல் எனக்குப் பொறாமை அன்றைக்கு ஆரம்பித்தது. பெயர் மட்டும் அப்போது தெரியவில்லை. "உன் வேலையைப் பாரு" என்று கத்தினேன். உனக்கு நினைவிருக்கும்.

அன்றிலிருந்து கடையில் நான் காதால் எதையும் சோதிப்பதில்லை. மீட்டரைப் பார்ப்பேன், படத்தைப் பார்ப்பேன், சரியாகிவிட்டது என்பேன். கல்யாண மண்டபம், மைதானம் என்று வாடகைக்குப் போகிற பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்களை இருபத்தைந்து வருடம் இடது காதுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதித்தவன். காது கூலி கேட்காமலா இருக்கும்?

சென்ற செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போனேன். அவரிடமும் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு பொத்தான். கேட்டால் அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றப் போனேன். டாக்டர் கையைக் காட்டி, "இருங்க, இன்னும் போயிட்டுத்தான் இருக்கு" என்றார்.

இடது காதில் உச்சத்து ஓசை அநேகமாக இல்லை. வலதில் பாதி. திரும்ப வராது. கருவி வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும், பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்றார்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாவம் பார்ப்பாய். உன் காதைப் பார்த்து வயிறெரிந்தாலும் எரியட்டும், நீ பாவம் பார்ப்பதைத் தாங்க முடியாது என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பொறுப்பாளரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஆறு மாதம் இருப்பதும் இல்லாததும் உன் முடிவு. போகாதே என்று நான் சொல்லமாட்டேன். சொல்லத் தோன்றுகிறது.

உன் கணவன்


மே 16

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பாவம் பார்க்கவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு வருடமாக நான் சன்னமாக ஏதாவது சொல்லும்போதெல்லாம் "என்ன?" என்று கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, என்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் காதுக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? புருஷனுக்குக் காது போனதைக் கேட்டு நிம்மதிப்பட்ட பெண்டாட்டி ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

நீங்கள் உண்மையை எழுதிவிட்டதால் நானும் எழுத வேண்டும்.

வௌவாலைப் பற்றி நீங்கள் சந்தேகப்பட்டதில் பாதி தப்பு, பாதி சரி. அவர் என்னிடம் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் இல்லை. ஆனால் "என்ன கேட்டுச்சு?" என்று அவர் கேட்கும் நேரத்துக்காக நான் காத்திருந்தது உண்மை. ஒரு சுற்று முடிந்ததும் அவர் உள்ளே வராமல் வேறு யாரையாவது அனுப்பினால் எனக்கு முகம் தொங்கிவிடும். இருபத்தொரு வருடத்தில் நீங்கள் எனக்கு எத்தனையோ பாட்டைப் போட்டுக் காட்டினீர்கள். "கேட்டியா? எப்படி இருக்கு பாத்தியா?" என்பீர்கள். எப்படி இருக்கிறது என்பதையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். எனக்கு என்ன கேட்டது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொன்று. பொறாமை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்தீர்களா? கல்யாணமான புதிதில், வேலை முடிந்து வந்ததும் அந்த இரண்டு மரப்பெட்டிக்கு முன்னால் போய் உட்காருவீர்கள். கண்ணை மூடுவீர்கள். முகம் அப்படியே இளகிப்போகும். அந்த முகத்தோடு என்னை நீங்கள் பார்த்ததே இல்லை. எனக்குச் சக்களத்தி வெளியில் இல்லை, கூடத்தில்தான் இருந்தாள், அதுவும் இடது ஒருத்தி, வலது ஒருத்தி. ட்வீட்டர் செத்துவிட்டது என்று அன்று நான் கத்திச் சொன்னபோது என் குரலில் சந்தோஷம் இருந்தது. அது உங்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சோதனை முடிவுகள் வந்துவிட்டன. சிடிக்கும் ஹை-ரெஸ்ஸுக்கும் நடுவில் எனக்குப் பதினாறில் எட்டு. வௌவாலுக்கு ஏழு. இந்த அறையில் உட்கார்ந்த யாருக்கும் அந்த வித்தியாசம் காதில் விழவில்லை என்றுதான் அறிக்கை எழுதப் போகிறார்கள். நீங்கள் சொன்ன காற்று எனக்கும் ஓடவில்லை. வேறு யாருக்காவது ஓடலாம், எனக்குத் தெரியாது. எம்பி3யில் பெரியதும் சின்னதும்தான் காதுக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது.

ஆறு மாதத்தைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு தடவை இங்கே வாருங்கள். சோதனைக்கு அல்ல. சனிக்கிழமை அறை காலியாக இருக்கும், வௌவால் திறந்துவிடுவதாகச் சொன்னார். கருவி வாங்கியிருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பையில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 4

அன்பு மனைவிக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் கருவியைப் போட்டுக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டுக்காரர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தது கூரை இடிந்து விழுவது மாதிரி கேட்டது. பழக வேண்டுமாம்.

நேரில் சொல்ல வராததை எழுதிவிடுகிறேன்.

அறையில் நீ என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாயே, அப்போது எனக்குப் பயமாக இருந்தது. ஏழாவதைப் போடச் சொன்னேன். வயலின் வந்தது. கழுத்தை நெரித்திருக்கிறார்கள் என்று எழுதினேனே, அப்படி எதுவும் இல்லை, நல்ல வயலின். பாதியில் நீ என் கையைத் தட்டி, "இப்போ. வில்லை வைக்கிறதுக்கு முன்னாடி மூச்சை இழுக்குறார் பாருங்க" என்றாய். எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை போட்டார்கள், அப்போதும் இல்லை. கேட்டது மாதிரி தலையாட்ட வந்தது. கழுத்துவரை வந்தது. ஆட்டவில்லை. "எனக்கு வரல. உனக்கு என்ன கேக்குது, சொல்லு" என்றேன். நீ சொன்னாய். அந்த ஆள் ஓடி வந்து மூச்சு வாங்குகிறவர் மாதிரி இருக்கிறார், வயது அதிகம் இருக்கும், மூக்கு அடைத்திருக்கிறது என்றெல்லாம் சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வௌவால் கை கொடுத்தார். நல்ல மனிதர். அது எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். நீ உள்ளே வருவதற்கு முன்பே உன் இடத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நீ வெந்நீர் குடிப்பாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஊர் வந்து சேரும்வரை அந்த டம்ளரையே நினைத்துக்கொண்டு வந்தேன். எரிச்சல் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் படம் பார்த்து எழுதிய விடை மாதிரி ஆகிவிடும்.

திங்கட்கிழமை கடையில் பழைய பில்களை எடுத்தேன். இரண்டு வருடமாக நான் சரிசெய்து கொடுத்த செட்டுகளில் எனக்குக் கேட்கவில்லை என்பதற்காக உச்சத்தைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறேன். மூன்று பேர் திரும்ப வந்து முறையிட்டிருந்தார்கள். அதில் ஒரு பல் டாக்டர், "காது கூசுதுங்க" என்று சொன்னபோது, "நல்ல சவுண்டு கேட்டுப் பழக்கமில்ல உங்களுக்கு" என்று அனுப்பிவிட்டேன். நேற்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். காதைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்போ இத்தனை நாளா என் காதுல கோளாறில்லையா?" என்றார். அவர் டாக்டரிடமெல்லாம் போய் வந்திருக்கிறார், பாவம். இப்போது அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, போதும் என்று அவர் சொல்கிற இடத்தில் குமிழைத் திருகுவதை நிறுத்தினேன். மற்ற இரண்டு பேருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

அங்கே உன் கூட வேலை பார்க்கிற புல்லாங்குழல் டீச்சரின் ஹெட்போனில் ஒரு பக்கம் வரவில்லை என்றார்கள், நீ கணக்குப் பிரிவுக்குப் போயிருந்த நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்தேன். ஒயர்தான் விட்டுப்போயிருந்தது. இப்போது சரியாக வருகிறதா என்று கேட்டுச் சொல்.

அக்கா, "எப்போ வர்றாளாம்?" என்றாள். "கேக்கல" என்றேன். "காதுல மிஷின வெச்சும் கேக்கலையா?" என்றாள்.

உன் கணவன்


ஜூன் 11

அன்புள்ள உங்களுக்கு,

ஆறு மாதம் முடியாது, மூன்று மாதம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. வௌவாலுக்காக அல்ல, உங்களைத் தண்டிக்கவும் அல்ல. செப்டம்பர் முதல் வாரத்தில் வருவேன். அதற்குள் இரண்டு தடவை நீங்கள் வரலாம், ஒரு தடவை நான் வருகிறேன். போன் விதி தளர்ந்துவிட்டது, ஆனாலும் எழுதுங்கள். போனில் நீங்கள் இவ்வளவு பேசுவதில்லை.

வெந்நீர் விஷயம்: தொண்டை வறண்டால் விழுங்கும் சத்தம் இடைஞ்சலாக இருக்கும், அதற்காகக் குடிப்பது. இங்கே வந்துதான் ஆரம்பித்தேன். வீட்டில் நான் வெந்நீர் குடித்ததில்லை. தெரியாததற்கு நீங்கள் பொறுப்பில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஹெட்போன் நன்றாக வருகிறதாம். ஒயரைப் பற்றவைக்க ஐந்து நிமிடம் போதும். நான் கணக்குப் பிரிவில் முக்கால் மணி நேரம் இருந்தேன். திரும்பி வந்தபோது அந்த டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இங்கே எல்லோரிடமும் உங்களைப் பற்றியே பேசுகிறாள், "உங்க சார் எவ்ளோ தமாஷா பேசுறார்! வீட்டுல பொழுது போறதே தெரியாது இல்ல?" என்று என்னிடமும் கேட்கிறாள். வீட்டில் நீங்கள் கடைசியாகத் தமாஷ் செய்தது எந்த வருடம் என்று யோசித்து யோசித்து நேற்று ஒரு முழுச் சுற்றைக் கோட்டைவிட்டேன். வௌவால் "என்ன கேட்டுச்சு?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அவளிடம் என்ன பேசினீர்கள், அவள் என்ன சொன்னாள், எந்த இடத்தில் சிரித்தாள் என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். பதினெட்டு வருடம் சாட்சி வாக்குமூலம் தட்டச்சு செய்தவள் நான். நடுவில் எதையாவது விட்டால் தெரிந்துவிடும்.

உங்கள் மனைவி